கிளச்சுத் தட்டு தேய்ந்தால் நாமே மாற்றலாம்

(நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கிளைக் கூட்டத்தில், தோட்டப் பட்டறையில் நெடுநாள் வேலை செய்து ஓய்வு பெற்ற அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

செயலாளர் தம்பி போன வாரம் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, சம்பளம், போனஸ் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. நீங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். சங்கக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கே தோன்றிற்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். நம்முடைய சம்பளத்தில் சோறு தின்னும் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக அதிகம் தின்பது இந்த வண்டிதான். அந்தக் காலத்தில் லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடந்தே போனோம். இன்று நம்மில் பாதிப் பேர் லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோய் விட்டோம். விடியுமுன் பெரட்டுக்கு வந்து சேர வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும். வண்டி வழியில் நின்றால் அன்றைய பேர் போயிற்று. ஆகவே இதுவும் கூலி விஷயம்தான்.

என் சொந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன். 1979-ல் ஒரு பழைய ஹோண்டா சி 70 வாங்கினேன். இரண்டு வருஷம் நன்றாக ஓடிற்று. பிறகு மேட்டில் ஏறும்போது என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஒரு பட்டறையில் கொண்டு போய் விட்டேன். கிளச்சுத் தட்டு போய் விட்டது, என்ஜினையே பிரிக்க வேண்டும் என்றார்கள். இரண்டு வாரக் கூலியைக் கொடுத்தேன். பழைய தட்டுகள் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டு விட்டோம் என்றார்கள். நானும் நம்பி வந்து விட்டேன்.

மூன்றாம் நாள் அதே வழுக்கல். அன்று பின்னால் காரியரில் இரண்டு தகரம் பால். நிரை வெட்டி முடித்து, மங்கு மங்காக ஊற்றிச் சேர்த்த பால். ஸ்டோருக்குப் போகும் வழியில் பெரிய மேடு ஒன்று உண்டு. அங்கே வண்டி நின்றே போயிற்று. வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் ஒரு தகரம் திரிந்து கட்டி தட்டி விட்டது. பால் கணக்கில் எழுத வேண்டியதைக் கட்டிக் கணக்கில் எழுதினார் கிராணி. அவர் மேல் குற்றமில்லை; கட்டியைப் பால் என்று எழுத முடியுமா?

அந்தக் கிராணியேதான் மாலையில் என்னைக் கூப்பிட்டார். அவரிடம் ஹோண்டாவின் கைப்புத்தகம் ஒன்று இருந்தது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, என்ஜினின் வலது பக்க மூடியில் இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினார். கால் மணி நேரம் கூட ஆகவில்லை. மறுநாள் அதே மேட்டில், அதே பாரத்தோடு வண்டி ஏறிற்று. பட்டறைக்காரர் புதுத் தட்டுப் போட்டாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. போட்டிருந்தாலும் அந்தத் திருகைச் சரியாக வைக்கவில்லை. ஒரு திருகைத் திருப்பத் தெரியாததால் என் இரண்டு வாரக் கூலியும் ஒரு தகரம் பாலும் போயின. அன்றிலிருந்துதான் நான் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். "நம் வண்டியில்தான் கையில் பிடிக்கும் கிளச்சே இல்லையே, அண்ணே, அது எப்படித் தேயும்?" என்று சிலர் கேட்பீர்கள். கையில் இல்லை, உள்ளே இருக்கிறது. இதற்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் சோபா என்ற ஒருவகைச் சேவையை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கும் பையன்கள் இருந்தார்கள். ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு ஒரே கையால் வண்டி ஓட்ட வேண்டும். அவர்களும் ஓட்டக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும் என்று ஹோண்டா சோய்சிரோவும் அவருடைய கூட்டாளி புஜிசாவா தக்கேயோவும் முடிவு செய்தார்கள். இடது கைக்கு வேலையே இல்லாத கிளச்சு அப்படிப் பிறந்தது. 1958-ல் சூப்பர் கப் என்ற பெயரில் வண்டி வெளிவந்தது. அதே 1958-ல் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா வண்டியை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். அவரும் மெக்கானிக் வேலையில் தொடங்கி முன்னுக்கு வந்தவர்தான். 2017-க்குள் உலகில் பத்துக் கோடி கப் வண்டிகள் செய்யப்பட்டு விட்டன. நாம் கப்சாய் என்று கூப்பிடுவது இந்தக் குடும்பத்தைத்தான். சோபாத் தட்டைத் தூக்கியவனுக்காகச் செய்த வண்டியில் நாம் பால் தகரத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

கிளச்சு என்றால் என்ன? என்ஜின் சுற்றும் சுற்றைக் கியருக்குக் கொண்டு சேர்ப்பதும், வேண்டாதபோது அதைப் பிரித்து விடுவதும் அதன் வேலை. உள்ளே வட்டத் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வெறும் இரும்புத் தட்டு. அடுத்தது மேலே உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு. இரண்டு உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்தி ஒரு கையைத் திருப்பிப் பாருங்கள். மற்றக் கையும் கூடவே திரும்பும். அழுத்தம் குறைந்தால் வழுக்கும். அவ்வளவுதான் கிளச்சு.

அந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது? வாளியில் கயிற்றைக் கட்டிச் சுழற்றினால் அது வெளிப்பக்கம் இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மாதிரி, கிளச்சுக்குள் சின்னச் சின்னக் கனத்துண்டுகள் இருக்கின்றன. என்ஜின் வேகமாகச் சுற்றினால் அவை வெளியே தள்ளித் தட்டுகளை அழுத்தும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் இல்லை. அதனால்தான் வண்டி கியரில் இருந்தாலும் என்ஜின் அணையாமல் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. இடது காலால் கியர் பெடலை மிதிக்கிறீர்களே, அந்த மிதியும் கிளச்சைப் பிரிக்கிறது. பெடலின் தண்டிலிருந்து ஒரு கை நீண்டு போய்த் தட்டுகளின் அழுத்தத்தை விடுவிக்கிறது; பிறகுதான் கியர் மாறுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் தட்டு ஏன் தேய்கிறது என்பதும் தானே விளங்கும். நம் ஆட்கள் பாதிப் பேர் ஓட்டும்போது இடது காலைக் கியர் பெடலின் மேலேயே வைத்துக்கொண்டு போகிறார்கள். லேசாகத்தான் வைத்திருக்கிறேன் என்பார்கள். அந்த லேசான மிதியிலேயே கிளச்சு கால்வாசி பிரிந்து நிற்கிறது. தட்டு வழுக்கிக்கொண்டே, சூடேறிக்கொண்டே போகும். தேயாமல் என்ன செய்யும்? அடுத்தது, பாரத்தை ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் மெதுவாகப் போகிறோம். கியர் மாற்றச் சோம்பல் பட்டு மூன்றாவதிலேயே இழுக்கிறோம். என்ஜின் வேகம் குறைவு, ஆகவே கனத்துண்டுகளின் அழுத்தம் குறைவு. ஆனால் பாரம் அதிகம். இதைவிடக் கிளச்சைக் கெடுக்க வேறு வழி வேண்டாம். மேட்டில் பிரேக்கைப் பிடிக்காமல் திராட்டிலை முறுக்கியே வண்டியை நிறுத்தி வைத்து, பக்கத்தில் இருப்பவரோடு கதை பேசுகிற பெரிய மனிதர்களும் நம்மில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். முன் வரிசையிலேயே ஒருவர் சிரிக்கிறார்.

சரி, வண்டி இழுக்கவில்லை. உடனே என்ஜினைத் திறக்கலாமா? கூடாது. இதைத்தான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வழுக்கல் என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்குப் புதுத் தட்டே தேவைப்படுவதில்லை. முதலில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளச்சின் மேல் பழி போடாதீர்கள். சங்கிலி தொய்ந்து பல்லைத் தாண்டிக் குதிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து எண்ணெய். நம் வண்டியின் கிளச்சு என்ஜின் எண்ணெயிலேயே நனைந்து ஓடுவது. சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கிறது. காருக்கு அது நல்லது. நம் கிளச்சுக்கு எமன். உராய்வு குறைந்தால் தட்டு எப்படிப் பிடிக்கும்? மலிவாகக் கிடைத்தது, மாமன் லாரியில் மிச்சமிருந்தது என்று எதையாவது ஊற்றாதீர்கள். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நனைந்த கிளச்சுக்கு ஏற்ற எண்ணெய் என்பதற்கு அதுதான் அடையாளம். எம்.பி. என்று போட்டிருப்பது ஸ்கூட்டருக்கு. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள் அந்த இரண்டு எழுத்தை மட்டும் கிராணியிடம் காகிதத்தில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான் சொன்ன அந்தச் சின்னத் திருகு. வலது பக்க மூடியில், நடுவில் வெட்டுப் போட்ட திருகும் அதைச் சுற்றி ஒரு பூட்டு நட்டும் இருக்கும். என்ஜினை அணைத்து விட்டுப் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். திருகைக் கடிகார முள் சுற்றும் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். பிறகு எதிர்ப் பக்கம் மெல்ல, மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கைக்கு லேசான தடை தெரியும். அங்கே நிறுத்துங்கள். அந்த இடத்திலிருந்து திரும்பவும் கடிகார முள் பக்கம் அரைக்கால் சுற்று, மிஞ்சினால் கால் சுற்று. திருகு அசையாமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றி விட்டால் செய்ததெல்லாம் வீண். திரும்பத் தொடங்க வேண்டும். என் முதல் நான்கு தடவையும் அப்படித்தான் ஆயிற்று.

இந்த மூன்றையும் பார்த்த பிறகு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். சிரம்பானிலிருந்து கோலப் பிலா போகும் பழைய புக்கிட் புத்துஸ் பாதையை ஏறியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை, கிக்கரை மிதித்தால் கால் வெறுமனே வழுக்கி இறங்குகிறது, எண்ணெயில் கருகல் வாடை அடிக்கிறது என்றால், அப்போது தட்டு தேய்ந்து விட்டது என்று முடிவு செய்யலாம்.

இனி மாற்றும் வேலை. நான் சொல்லப் போவது பழைய சி 70 மாதிரியான வண்டிக்கு. அதில் ஒரே கிளச்சு, அது என்ஜின் தண்டின் முனையிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் வந்த வேவ் போன்ற வண்டிகளில் இரண்டு கிளச்சு: தண்டின் முனையில் ஒன்று, கியர்த் தண்டில் தட்டுகளோடு இன்னொன்று. அதைப் பிரிக்கும் வழி வேறு. உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் மூடியைக் கழற்றாதீர்கள். புதுத் தட்டு வாங்கும் கடையிலேயே வண்டியைக் காட்டிக் கேட்டு விடலாம். தட்டும் மூடியின் கேஸ்கெட்டும் சேர்த்து முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் போட்ட பிறகு கேஸ்கெட் இல்லை என்று ஓடினால், மறுநாள் பெரட்டுக்கு நடந்துதான் வர வேண்டும்.

சனிக்கிழமை இரவே புதுத் தட்டுகளைப் புது என்ஜின் எண்ணெயில் ஊறப் போடுங்கள். இது சின்ன வேலைதான். ஆனால் விட்டு விடுகிறவர்கள் அதிகம். காய்ந்த தட்டை மாட்டி ஓட்டினால் முதல் மேட்டிலேயே கருகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது, தரையில் ஒரு பழைய வெள்ளைத் துணியை விரியுங்கள். வெள்ளையாக இருக்கட்டும், விழுந்த சாமான் கண்ணுக்குத் தெரியும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வையுங்கள். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் காலத்தில் நான் சிகரெட் அட்டையில் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

என்ஜினின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு தட்டில் இறக்குங்கள். பால்வாளியிலோ, மங்கிலோ, பால் தகரத்திலோ இறக்காதீர்கள். கழுவி விட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. எண்ணெய்க்கும் ரப்பருக்கும் ஆகாது. ரப்பரை ஊற வைத்து இளக்கி விடும். ஒரு வாளியில் ஒட்டியிருந்த எண்ணெய் ஸ்டோரில் எத்தனை பேருடைய பாலோடு கலக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இறக்கிய எண்ணெயை அல்லூரிலும் ஊற்றாதீர்கள். இந்த வட்டாரத்து அல்லூர்களெல்லாம் கடைசியில் லிங்கி ஆற்றுக்குத்தான் போகின்றன. அந்த ஆற்றிலிருந்துதான் குடிநீர் எடுக்கிறார்கள். டப்பாவில் மூடிப் பட்டறையில் கொடுத்து விடுங்கள். பழைய எண்ணெய் வாங்குவோர் அங்கே வருவார்கள். கையில் பட்டதைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வருஷக் கணக்காகப் பழைய எண்ணெயில் ஊறிய கை தோல் வியாதிக்கு ஆளாகும்.

எண்ணெய் இறங்கியதும் எக்சோஸ் குழாய், கால் மிதிக் கம்பி, கிக்கர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் வலது மூடி வெளியே வரும். மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. அட்டை ஒன்றில் மூடியின் படத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த இடத்துப் போல்ட்டை அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளப் போல்ட்டைக் குட்டைத் துவாரத்தில் முறுக்கி என்ஜின் உடம்பை உடைத்தவர்கள் உண்டு. மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் கீறல் விழும். கீறிய இடத்தில் வாழ்நாள் முழுவதும் எண்ணெய் கசியும்.

மூடி வந்ததும் உள்ளே கியர்த் தண்டின் கையும், குண்டுகள் பதித்த சின்னத் தகடும், ஸ்பிரிங்கும் தெரியும். இவை எளிதில் கழன்று விழக் கூடியவை. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்து விட்டு எடுங்கள். அவற்றுக்குப் பின்னால் கிளச்சின் வெளி மூடி, நட்சத்திரத் தலைத் திருகுகளால் பூட்டப்பட்டிருக்கும். நம்மில் பல பேர் தோற்றுப் போகிற இடம் இதுதான். இந்தத் திருகுகளின் வெட்டு ஜப்பானிய அளவு. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூடிரைவர் சரியாக உட்காராது. பலமாகத் திருகினால் தலை மழுங்கி, பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்துத் திருப்பும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று உண்டு. அதைத் தனித்தனியே ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. கிளைக்கு ஒன்று வாங்கிச் செயலாளர் அறையில் வைத்தால் போதும். இதை ஒரு தீர்மானமாகவே நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வெளி மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாகச் சேறு ஒட்டியிருக்கும். பயப்படாதீர்கள். எண்ணெயில் உள்ள அழுக்கு சுழலும் வேகத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே தங்குகிறது. நம் வண்டியின் எண்ணெய் வடிகட்டியே அதுதான். துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். தட்டு தேயாவிட்டாலும் இந்தச் சேற்றை எடுத்ததே என்ஜினுக்கு ஆயுள் கூட்டும்.

நடுவில் நான்கு வெட்டுள்ள ஒரு நட்டும், அது கழலாமல் மடித்து விட்ட வாஷரும் இருக்கும். மடிப்பை நிமிர்த்தி விட்டு நட்டைத் திருப்ப வேண்டும். அதற்குரிய சாவி கடையில் கிடைக்கும். பழைய சாக்கெட்டை அரத்தால் அராவி நான்கு பல் வைத்தும் செய்யலாம், நான் அப்படித்தான் செய்தேன். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து நட்டைச் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். நட்டு கெடுவது ஒரு பக்கம். அடி முழுவதும் தண்டின் மேல் விழும். நட்டைத் திருப்பும்போது என்ஜின் தண்டும் கூடவே சுற்றும். அது சுற்றாமல் இருக்க இடது பக்க மூடியைத் திறந்து பிளைவீலைப் பெல்ட்டுப் பிடியால் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். கியர்ப் பல்லின் இடையில் இரும்பைச் செருகிப் பிடிப்பது சில பட்டறைகளில் நடக்கிறது. பல் உடைந்தால் கிளச்சுச் செலவு கியர்ச் செலவாகி விடும்.

கிளச்சு முழுவதும் கையோடு வந்து விடும். பின்னால் உள்ள புஷ்ஷையும் பல் சக்கரத்தையும் தவற விடாதீர்கள். இனித் தட்டுகளை எடுக்க வேண்டும். ஒரு பெரிய வளையம் எல்லாவற்றையும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. சி கிளாம்பால் அமுக்கி, இரண்டு பேராக நின்று வளையத்தை நெம்பி எடுங்கள். முகத்தைக் குனிந்து வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பால் மரத்தில் மரப்பட்டைத் தூள் கண்ணில் விழுந்தால் ஊதி எடுத்து விடலாம். இந்த வளையம் தெறித்தால் ஊதி எடுக்க முடியாது.

எத்தனை தட்டு, எந்த வரிசை, எந்த முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே எடுங்கள். பழைய உராய்வுத் தட்டைப் புதிய தட்டோடு சேர்த்துப் பிடித்தால் தேய்மானம் கண்ணுக்கே தெரியும். இரும்புத் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்திருந்தால் நல்லது. வளைந்திருந்தாலும், சூட்டில் நீலம் பூத்திருந்தாலும் அதையும் மாற்ற வேண்டும். வளைந்த இரும்புக்கு நடுவில் புதுத் தட்டைப் போடுவது, வளைந்த உளிக்குப் புதுப் பிடி போட்ட கதைதான். தட்டின் காதுகள் உட்காரும் பள்ளங்களில் தழும்பு விழுந்திருந்தால் அரத்தால் லேசாகச் சமன் செய்யுங்கள்.

ஊறிய புதுத் தட்டுகளை எடுத்த வரிசையிலேயே அடுக்கி, வளையத்தைப் போட்டு, அது தன் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்து விட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. நடு நட்டைக் கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கி, வாஷரை மறக்காமல் மடித்து விடுங்கள். முன்பு மடித்த காதையே திரும்ப மடித்தால் ஒடியும். புது வாஷர் சில காசுதான். பழைய கேஸ்கெட்டின் ஒட்டுகளைச் சுரண்டித் துடைத்து விட்டுப் புதியதைப் போடுங்கள்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முதன்முதலில் தனியாகத் தட்டு மாற்றிய நாளில் எல்லாவற்றையும் அழகாகப் பூட்டி முடித்தேன். ஒரு போல்ட்டும் மிச்சமில்லை. பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு கிக்கரில் கால் வைத்தேன். அவள் கீழே பார்த்து, "எண்ணெய் டப்பா மூடியோடு இருக்கிறதே, ஊற்ற வேண்டாமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் அன்றோடு அந்த என்ஜின் முடிந்திருக்கும். ஆகவே எண்ணெய் டப்பாவை வண்டியின் சீட்டின் மேலேயே வையுங்கள். அதை எடுக்காமல் யாரும் ஏறி உட்கார முடியாது. ஏறக்குறைய முக்கால் லிட்டர் பிடிக்கும். சில நிமிஷம் ஓட விட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளவுக் கம்பியால் பாருங்கள். கம்பியைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

பிறகு அந்தச் சின்னத் திருகை, முன்பு சொன்ன முறைப்படியே புதிதாக வையுங்கள். தட்டின் கனம் மாறி விட்டதால் பழைய இடம் இப்போது சரிப்படாது. நடு ஸ்டாண்டிலேயே கியர் போட்டுப் பாருங்கள். முதல் கியர் விழும்போது பெரிய அடியோடு விழுந்தாலோ, திராட்டில் தொடாமலே பின் சக்கரம் வலுவாக இழுத்துக்கொண்டு ஓடினாலோ, திருகு சரியில்லை, அல்லது என்ஜின் ஸ்லோ அதிகமாக இருக்கிறது. அது சரியாகாமல் சாலையில் இறக்காதீர்கள். கியர் போட்டவுடன் தானாகப் பாயும் வண்டி, முன்னால் நிற்கும் குழந்தையைப் பார்க்காது. முதல் இரண்டு மூன்று நாள் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பால் வெட்டப் போகிறவர்களில் வண்டி ஓட்டுகிற பெண்கள் இப்போது எத்தனையோ பேர். உங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை கள்ளு மரத்தடியிலிருந்து திரும்பி வருகிற வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் திருகைத் திருப்பப் பலம் வேண்டாம். கையில் பக்குவம் வேண்டும். பட்டையைக் காயப்படுத்தாமல் மரம் வெட்டுகிற கைக்கு அந்தப் பக்குவம் ஏற்கனவே இருக்கிறது.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்புத்தகம் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது. ஒரு மாலை நேரம் உட்கார்ந்து, இந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் எழுதிப் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டுங்கள். எனக்கு ஒரு கிராணி செய்த உதவி அதுதான்.

எல்லோரும் எல்லாவற்றையும் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நடு நட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தாலோ, தண்டில் ஆட்டம் இருந்தாலோ, கனத்துண்டுகள் உடைந்திருந்தாலோ நல்ல பட்டறைக்குக் கொண்டு போங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற பட்டறைக்காரர்கள் இந்த வட்டாரத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலை தொடங்குமுன் விலையைக் கேளுங்கள். பழைய தட்டுகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். அப்படிச் சொன்னால் நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதோ இந்த மேஜையின் மேல் என் வண்டியில் கழற்றிய பழைய தட்டும், பிரிக்காத புதுத் தட்டும், கருகி வளைந்த இரும்புத் தட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். வெளியே மாமரத்தடியில் வண்டி நிற்கிறது. அதன் திருகை வேண்டுமென்றே கலைத்து வைத்திருக்கிறேன். தேநீர் குடித்து விட்டு ஒவ்வொருவராக வந்து திருப்பிப் பாருங்கள். முதலில் அந்த முன் வரிசைத் தம்பி வரட்டும்.